மூன்றேகால் கிலோ

ஜீப் ஏரிக்கரையில் ஏறியபோது மணி பதினொன்று ஐந்து. கடிதத்தில் எட்டு என்று இருந்தது. துரைக்கண்ணு ஆறரைக்கே வந்து மதகுக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார்.

நெடுங்கோரை ஏரியின் மதகைத் திறப்பதும் மூடுவதும் அவர் வேலை. அவருக்கு முன் அவர் அப்பா செய்த வேலை. அறுவடைக்கு அறுவடை ஊர் அளக்கிற நெல்தான் கூலி. கிளியனூரிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே கிடக்கும் அந்த ஏரிக்கு அதுவரை எந்த அலுவலகமும் கடிதம் போட்டதில்லை. இப்போது போட்டிருந்தது. ஜீப்பின் கதவில் ‘மாவட்ட ஈரநிலக் கரிம அலுவலகம், திண்டிவனம்’ என்று இருந்தது. எழுத்து புதியது. ஜீப் பழையது.

இறங்கியவள் பெயர் ஆரோக்கியசெல்வி. ஆய்வு உதவியாளர். கையில் ஆளுயர இரும்புக் குழாய்.

“அண்ணா, இந்த ஏரியில மாடு மிதிக்காத, யாரும் மண்ணு எடுக்காத இடம் ஏதாவது இருக்குதாங்க?”

துரைக்கண்ணு யோசிப்பதுபோல் நின்றார். யோசிக்க ஒன்றுமில்லை. அப்படி ஓர் இடம் இருந்தது. மதகுக்குத் தெற்கே, கோரை மண்டிய மேடு. மாடு மிதிக்காமல், மண் வெட்டாமல், தூண்டில்காரன்கூட நிற்காமல் பதினான்கு வருடமாக அதைக் காத்தவர் அவர்தான்.

“வா மா,” என்றார்.

மேட்டுக்கு ஆறடி இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார். முழங்கால் தண்ணீர். குழாயை இரண்டு ஆட்கள் அழுத்தினார்கள். எதிர்ப்பில்லாமல் இறங்கியது. இழுத்தபோது கறுத்த சேறு வந்தது. மையைப்போல் கறுப்பு. அழுகிய முட்டை நாற்றம். ஆரோக்கியசெல்வி அதைப் பொன்னைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“இதாண்ணா கரிமம். கோரை, எல, வேரு எல்லாம் செத்து விழுந்து அடியில சேந்தது. மேல தண்ணி நிக்குதில்ல, காத்து உள்ள போவாது. காத்து போவலன்னா மக்காது. அப்படியே இருக்கும்.”

“எவ்ளோ நாளைக்கு?”

“எரநூறு வருஷம், முந்நூறு வருஷம்கூட.”

“தண்ணி நிக்கிற வரைக்குமா?”

“தண்ணி நிக்கிற வரைக்கும்.”

“எல்லாமே அப்படியே இருக்குமா?”

“எல, வேரு, கட்டை. ஏண்ணா?”

“சும்மாதாம்மா.”

கிளம்பும் முன் அவள் அந்த இடத்தில் ஒரு சிவப்புக் கொடியை நட்டாள். முக்கியமான இடம் என்றாள். சர்க்கார் கொடி. துரைக்கண்ணு அதன் கம்பு சாயாமல் இருக்க அடியில் இரண்டு கை சேறு அள்ளி அப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார். பாஞ்சாலி மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

“அப்படியேதான் இருக்குதாம்.”

“எது?”

அவர் ஏரிப் பக்கம் பார்த்தார். அவளுக்குப் புரிந்தது. உரிப்பதை நிறுத்தினாள்.

“யாரு சொன்னா?”

“ஆபீஸ்லருந்து வந்த பொண்ணு.”

“அதுக்கு இன்னா தெரியும்?”

“கொழா வச்சிருக்குது.”

பதினான்கு வருடம் முன்பு, கார்த்திகை அடைமழையில், மூன்று நாள் காய்ச்சலில் அவர்கள் மகள் அருணா போனாள். ஏழு வயது. சுடுகாட்டுக்குப் போகும் வழி வயல் வழி. நடவு நட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. நட்ட பயிரை மிதிக்கக் கூடாது என்று வயல்காரர் வரப்பில் குடை பிடித்து நின்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நாலு பேர் அவளைக் கோரை மேட்டில் வைத்து மண் தள்ளினார்கள். விடிவதற்குள் ஏரி நிரம்பி மேடு முழுகியது. ஏரியில் புதைப்பது குற்றம். அதனால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. துரைக்கண்ணு மட்டும் ஒவ்வொரு கோடையிலும், மேடு காயாமல் இருக்க, மதகைக் கொஞ்சம் முன்னதாகவே மூடிவிடுவார். ஊருக்கு அது ஏன் என்று தெரியும். கேட்டதில்லை.

மாசியில் முடிவு வந்தது. ஏரியின் நிலைமை நூற்றுக்கு முப்பத்தொன்று. அறிவிப்புப் பலகை இல்லை, பத்து மதிப்பெண் போயிற்று. கழிப்பறை இல்லை, பத்து. வண்டி நிறுத்துமிடம் இல்லை, பத்து. கரை நேராக இல்லை. கோரை ஒழுங்கற்று வளர்ந்துள்ளது. கொக்குகள் உள்ளன, ஆனால் பதிவு செய்யப்படாதவை.

கடைசி வரியில், கரிமச் சேமிப்பு மிக அதிகம் என்றும் இருந்தது. அந்த வரிக்கு மதிப்பெண் கட்டம் இல்லை.

கரிமச் சேமிப்பைப் பார்த்துக்கொள்வது கரியமில வாயுப் பிரிவு. அதன் உதவி இயக்குநர் அரங்கநாதன் நேரில் வந்து பலகை நட்டார். கரையில் கூடியவர்கள் பதினோரு பேர். ஒலிபெருக்கியில் பேசினார்.

“ஏரி என்றால் தண்ணீர் என்று நினைக்கிறீர்கள். தவறு. ஏரி ஒரு பெட்டகம். தண்ணீர் அதற்குப் பூட்டு. பூட்டைத் திறந்தால் கரிமம் ஆகாயத்துக்குப் போய்விடும். போனால் திரும்பாது. ஆகவே இன்று முதல் இந்த மதகை யாரும் திறக்கக் கூடாது. இதை நான் இதற்கு முன் ஒன்பது ஏரிகளில் சொல்லியிருக்கிறேன். அந்த ஒன்பதும் இப்போது இல்லை. இருந்தாலும் சொல்வது என் கடமை.”

கை தட்டினார்கள். துணி விலக்கப்பட்டது. பலகையில் இப்படி இருந்தது: ‘அமைதி. இங்கே கரிமம் உறங்குகிறது.’

அன்று சாயங்காலம் பாஞ்சாலி ஏரிக்கு வந்தாள். பதினான்கு வருடத்தில் முதல் தடவை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. துரைக்கண்ணு படித்துச் சொன்னார். இன்னொரு தடவை படி என்றாள். படித்தார். அவள் முந்தானையால் பலகையின் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்தாள்.

“நல்லா எழுதியிருக்காங்க,” என்றாள்.

பங்குனி பிறந்ததும் இன்னொரு ஜீப் வந்தது. அதே அலுவலகம். வேறு மாடி. மீத்தேன் பிரிவின் உதவி இயக்குநர் நெடுஞ்செழியன் கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கவிழ்த்துத் தண்ணீர்மேல் மிதக்கவிட்டார். சேற்றிலிருந்து குமிழி வந்து உள்ளே வெடித்தது. அவர் முகம் இருண்டது.

“பாத்தியா? மீத்தேன்! கரியமில வாயுவவிட இருபத்தெட்டு மடங்கு மோசம். இது ஏரியே இல்லய்யா, அடுப்பு. தண்ணி நிக்கிறதாலதான் வருது. மதகத் தொற.”

“தொறக்கக் கூடாதுன்னு அந்த ஐயா சொன்னாருங்க.”

“யாரு, அரங்கநாதனா? அவரு வேற வாயு.”

“பலககூட வச்சிருக்காருங்க.”

“பலக அவங்க வாயுக்கு. எங்க வாயுக்கு நான் தனியா வைப்பேன்.”

வைத்தார். முதல் பலகைக்கு நான்கடி தள்ளி. ‘அபாயம். இந்த ஏரி சுவாசிக்கிறது.’

துரைக்கண்ணு மதகைத் தொடவில்லை. ஒரு வாரத்தில் அவருக்கு மூன்று கடிதம் வந்தது. ஒன்று, திறந்தால் நடவடிக்கை. இன்னொன்று, திறக்காவிட்டால் நடவடிக்கை. மூன்றாவது, இரு நடவடிக்கைகளையும் ஒருங்கிணைக்கும் கூட்டத்துக்கு அழைப்பு. அதில் அவரைப் பங்குதாரர் என்று குறிப்பிட்டிருந்தார்கள். எதில் பங்கு என்று பாஞ்சாலி கேட்டாள். போனால் தெரியும் என்றார்.

திண்டிவனத்தில் அந்த அலுவலகம் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் வாடகைக்கு இருந்தது. கரியமில வாயு கீழ்மாடி. மீத்தேன் மேல்மாடி. லேசான வாயு என்பதால் மேலே கொடுத்திருக்கிறார்கள் என்று பியூன் விளக்கினார். நடுவில் படிக்கட்டு. கோப்பு அதில் ஏறுவதில்லை. கூட்டம் மணமகள் அறையில் நடந்தது.

இயக்குநர் தலைமை தாங்கினார். இரண்டு மணி நேரம் திரையில் வண்ணக் கோடுகள் ஏறின, இறங்கின. கடைசியில் சமரசத் தீர்மானம் வாசிக்கப்பட்டது. திங்கள், புதன், வெள்ளியில் மதகு மூடியிருக்க வேண்டும். செவ்வாய், வியாழன், சனியில் திறந்திருக்க வேண்டும். ஞாயிறு அலுவலகத்துக்கு விடுமுறை. அன்று வெளியேறும் வாயு எந்தப் பிரிவையும் சேராது.

“பங்குதாரர் கருத்து?” என்றார் இயக்குநர்.

துரைக்கண்ணு எழுந்தார். “தண்ணி நிக்கட்டும்ங்க. அத்த மட்டும் எடுக்காதீங்க.”

“காரணம்?”

ஒரு தாளை நீட்டினார்கள். தண்ணீர் தேவைப்படும் காரணத்துக்கு நான்கு கட்டம். பாசனம். மீன். சுற்றுலா. பிற. அவர் வெகு நேரம் பார்த்துவிட்டுப் பிற என்பதில் கோடு போட்டார்.

“பிறன்னா என்னய்யா? வெவரம் சொல்லணும்.”

“என் பொண்ணு அங்க இருக்குதுங்க.”

“ஏரியிலயா? ஆக்கிரமிப்பா?” நெடுஞ்செழியன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஷெட்டு போட்டுக்கினு இருக்குதா, காரை வீடா?”

“இல்லீங்க. பொதச்சிருக்கேன்.”

பதினான்கு வருடமாகச் சொல்லாததைத் துரைக்கண்ணு சொல்லிவிட்டார். போலீசைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தார். அரங்கநாதன் பேனாவைத் திறந்தார். அவர் குரலில் உண்மையான கவலை இருந்தது.

“கொடிக்கு எவ்வளவு தூரம்?”

“ஆறடிங்க.”

“அப்போ சிக்கல்தான். வெளியிலிருந்து கொண்டுவந்து போட்ட கரிமம் ஏரியோட இயற்கைச் சேமிப்புல வராது. கழிக்கணும். வயசு என்ன?”

“ஏழு.”

“எடை?”

துரைக்கண்ணுக்குக் கேள்வி விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தன் இரண்டு கைகளையும் பார்த்தார். அந்த மழையில் தூக்கிக்கொண்டு போனவை அவைதான்.

“ஒடம்புக்கு முடியாத கொழந்தைங்க. பாரமே இல்ல.”

“தோராயமா பதினெட்டு கிலோ வச்சுக்கலாம். அதுல கரிமம் பதினெட்டு சதவீதம்.” அரங்கநாதன் கணக்குப்பொறியை அழுத்தினார். “மூன்றேகால் கிலோ. கழிச்சாச்சு. இனிமே கணக்குல பிரச்சினை இல்ல.”

“ரொம்ப நன்றி,” என்றார் இயக்குநர், துரைக்கண்ணிடம். “இப்படி மக்கள் தாங்களாவே முன்வந்து தகவல் தரணும்.”

மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஆரோக்கியசெல்வி எழுந்து வெளியே போனாள். துரைக்கண்ணு படிக்கட்டுக்கு வந்தபோது அங்கே நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

“அன்னிக்கே ஏண்ணா சொல்லல?”

“சொன்னா நீ கொடி நட்டிருக்க மாட்டியே மா. கொடி இருந்தா காபந்துன்னு நெனச்சேன்.”

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “தண்ணி நின்னா மீத்தேன் கொஞ்சம் வரும், அது நெசந்தான். ஆனா காயவிட்டா முந்நூறு வருஷமா சேந்தது மொத்தமும் போயிடும். ரெண்டையும் கூட்டிப் பாத்தா தண்ணி நிக்கிறதுதாண்ணா நல்லது.”

“அத்த உள்ள சொல்றதுதானே?”

“சொன்னேன். கூட்டுற பிரிவு எங்க ஆபீஸ்ல இல்லியாம்.”

ஒரு நாள் விட்டு ஒரு நாள் மதகு திறந்தது. அதைத் திருகியவர் துரைக்கண்ணுதான். உனக்கு வேறு வேலையில்லையா, முடியாது என்று சொல்லிவிட்டு வா என்று பாஞ்சாலி கத்தினாள்.

“வேற ஆளப் போடுவாங்க. அவன் ஒரே நாள்ல தொறந்து உட்ருவான். நானா இருந்தா விரக்கடை விரக்கடையா எறக்குவேன்.”

விரக்கடை விரக்கடையாகத்தான் இறக்கினார். ஆனாலும் இறங்கிப் போன தண்ணீர் மூடிய நாளில் திரும்பி வரவில்லை. இதை எந்தத் தீர்மானமும் எதிர்பார்க்கவில்லை. பங்குனி முடிவதற்குள் ஏரி வற்றி, மேடு தலை காட்டியது. சேறு பாளம் பாளமாக வெடித்தது. கொக்குகள் பதிவு செய்யாமலே கிளம்பிப் போயின.

சித்திரையில் மீட்பு வேலை தொடங்கியது. முப்பத்தொன்றைத் தொண்ணூறாக்கும் வேலை. திருவக்கரையிலிருந்து சரளை வந்தது. கரை நேராக்கப்பட்டது. வண்டி நிறுத்தத்துக்கு இடம் போதாமல் ஏரி கொஞ்சம் உள்ளே தள்ளப்பட்டது. ஒரு காலையில் பொக்லைன் வண்டி உள்ளே இறங்கியது. ஓட்டியவன் வானூர்ப் பையன், வல்லரசு. பாஞ்சாலிக்குத் தம்பி முறை உள்ளவனின் மகன்.

துரைக்கண்ணு கொடியருகே போய் நின்றார்.

“மாமா, நவுரு. ஜல்தி முடிக்கணும்.”

“எங்க வேணா தோண்டு பா. கொடி நட்ட எடத்த உட்ரு. அது சர்க்கார் எடம்.”

வல்லரசு இஞ்சினை நிறுத்தினான். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

“கொடி நட்ட எடத்தத்தான் தோண்டணும் மாமா. அங்கதான் வாயு ஜாஸ்தியாம். சுத்தி இருவது அடி. வழிச்சு எடுத்துக் கரையில பரப்பச் சொல்லியிருக்காங்க.”

துரைக்கண்ணு கொடியைப் பார்த்தார். அதன் அடியில் தான் அப்பிய சேறு காய்ந்து இறுகியிருந்ததைப் பார்த்தார். அதைப் பிடுங்கினார். வரவில்லை. இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். ஏரியின் மறுகோடிக்கு ஓடிப்போய் நட்டுவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

வல்லரசு தலையைக் குனிந்துகொண்டான். “எடத்த போன்ல குறிச்சு வச்சிருக்காங்க மாமா. கொடிய எங்க நட்டாலும் எடம் மாறாது. பேஜாரா கீது எனக்கும். நான் போனா வேற வண்டி வரும்.”

“வேற ஆளு வாணாம்,” என்றார் துரைக்கண்ணு. “நீயே பண்ணு. பொறுமையா பண்ணு.”

வல்லரசு பொறுமையாகத்தான் செய்தான். தூங்குகிறவர் மேலிருந்து போர்வையை எடுப்பதுபோல் பக்கெட்டை இறக்கினான். ஒவ்வொரு தடவை கொட்டும்போதும் துரைக்கண்ணும் பாஞ்சாலியும் மண்டி போட்டு அந்தச் சேற்றைக் கையால் பிரித்துப் பார்த்தார்கள். கோரை வேர் வந்தது. நத்தைக் கூடு வந்தது. இலைகள் வந்தன, நரம்பு நரம்பாக, நேற்று விழுந்ததுபோல். வேறொன்றும் வரவில்லை. மதியம் வரை பார்த்தார்கள். பிறகு எது எந்த இடத்துச் சேறு என்று தெரியாதபடி எல்லாம் கலந்துவிட்டது.

கரையில் பரப்பிய சேறு முதல் நாள் கறுப்பாக இருந்தது. மூன்றாம் நாள் பழுப்பு. பத்தாம் நாள் சாம்பல் நிறம். பாஞ்சாலி விடியலில் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து அதன்மேல் தெளித்தாள். பிள்ளைக்குத் தலை குளிப்பாட்டுவதுபோல் கையைக் குவித்து ஊற்றினாள். ஊர்க் கைப்பம்பிலிருந்து அரை மைல். ஒரு நாளைக்கு ஆறு குடம். வெயில் எட்டு மணிக்கே அதைக் குடித்துவிடும்.

ஆரோக்கியசெல்வி வந்து அந்த மண்மேல் ஒரு பெட்டியைக் கவிழ்த்து அளந்தாள். எண் ஏறிக்கொண்டே இருந்தது.

“இன்னா மா சொல்லுது?” என்றார் துரைக்கண்ணு.

அவள் பெட்டியின் விளிம்பைத் துடைத்தாள்.

“சொல்லு மா. திட்ட மாட்டேன்.”

“காத்துல போயிக்கினு இருக்குதுண்ணா.”

அவர் தலையாட்டினார். தொழில் தெரிந்தவர் சொன்னால் கேட்டுக்கொள்கிற சுபாவம் அவருக்கு. பாஞ்சாலி ஏழாவது குடத்துக்குப் போனாள்.

சுற்றுச்சூழல் தினத்தன்று விழுப்புரத்தில் விழா. நெடுங்கோரை ஏரி தொண்ணூற்று நான்கு மதிப்பெண் பெற்று மாவட்டத்தில் முதலிடம் வந்திருந்தது. ஆறு மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம் கழிப்பறையில் தண்ணீர் இல்லாதது. குளிரூட்டிய மண்டபம். மேடையில் ஏரியின் பெரிய படம். நேரான கரை, இரண்டு பலகை, படம் எடுத்துக்கொள்ள ஒரு வளைவு, நடுவில் வெடித்த தரை. முன்வரிசையில் துரைக்கண்ணும் பாஞ்சாலியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அலுவலகமே வண்டி அனுப்பியிருந்தது.

இயக்குநர் பேசினார்.

“ஆறு மாதத்துக்கு முன் இந்த ஏரியின் நிலை என்ன? தண்ணீர் தேங்கி நின்றது. கோரை மண்டியிருந்தது. மீத்தேன் வந்தது. இன்று மீத்தேன் பூஜ்யம்! தண்ணீர் இல்லாத ஏரியிலிருந்து மீத்தேன் வராது என்பதை நம் அலுவலகம் செய்து காட்டியிருக்கிறது.” கைதட்டல். “கரியமில வாயு வருகிறதே என்று சிலர் கேட்கலாம். வந்தது. இப்போது வரவில்லை. ஏனென்றால் வருவதற்கு உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. அங்கிருந்த கரிமம் முழுவதும் காற்றில் போய்விட்டது. இழப்பே இல்லாமல், ஒரு கிராம்கூட வீணாகாமல், அளந்து அனுப்பியிருக்கிறோம். அறிக்கை இருக்கிறது. இனி இந்த ஏரியால் உலகத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை. அடுத்து நாற்பது ஏரிகளை இதேபோல் மீட்கப் போகிறோம்.”

நெடுஞ்செழியனும் அரங்கநாதனும் எழுந்து ஒருவர் கையை ஒருவர் பிடித்து உயர்த்தினார்கள். இரண்டு வாயுவும் ஒரே மேடையில் நிற்பது இதுதான் முதல் தடவை என்று தொகுப்பாளர் சொன்னார்.

பிறகு துரைக்கண்ணை மேடைக்கு அழைத்தார்கள். ‘ஈரநிலத் தோழர்’ விருது. சால்வை போர்த்தினார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். படம் எடுக்கும்வரை இயக்குநர் அவர் தோளில் கை போட்டிருந்தார். ஏதாவது இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று ஒலிவாங்கியை அவர் வாய்க்கு நேரே திருப்பினார்கள்.

துரைக்கண்ணு கீழே பாஞ்சாலியைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றிருந்தாள். அவர் சான்றிதழை மேசையின் மேல் வைத்தார். இயக்குநர் பக்கம் திரும்பி, கை கட்டிக்கொண்டு, மரியாதையாகக் கேட்டார்.

“காத்துல போயிடுச்சுன்னு சொன்னீங்களே ஐயா. எந்தப் பக்கமா போச்சுங்க?”